பங்குச் சந்தை கேள்வி–பதில்: எண்ணெய்க் கம்பனிப் பங்கு மலிவா, விலை கூடவா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எண்ணெய், எரிவாயு, மின்சாரக் கம்பனிப் பங்குகள் பற்றியவை. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேள்விகளை எடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற அரச ஊழியர், கிளிநொச்சி

கேள்வி: 2022 பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த வருடம், கொழும்புப் பங்குச் சந்தையில் பெற்றோல் விற்கும் கம்பனியின் விலை-உழைப்பு விகிதம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ‘இப்படி மலிவாக இனிக் கிடைக்காது’ என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். பணிக்கொடைக் காசில் ஒரு பகுதியைப் போட நினைத்து, பயத்தில் விட்டுவிட்டேன். உண்மையிலேயே அது மலிவுதானா? பத்து வருட இலாபத்தைப் பார்க்கும் முறை என்கிறார்களே, அது என்ன?

பதில்: விலை-உழைப்பு விகிதம் என்பது பங்கின் சந்தை விலையைப் பங்கொன்றுக்கான ஒரு வருட இலாபத்தால் வகுத்து வருவது. அந்த ஒரு வருட இலாபம் ஊதிப்போனால், விலை அசையாமலே விகிதம் சுருங்கிவிடும். 2021 டிசெம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. பழைய விலைக்கு இறக்கித் தாங்கியில் வைத்திருந்ததைப் புது விலைக்கு விற்றால் இலாபம் கொட்டும். விலை ஏறும் வருடத்தில் மட்டும் கிடைக்கும் இலாபம் அது. விலை இறங்கும்போது அதே கையிருப்பு நட்டத்தைத் தரும். போதாக்குறைக்கு 2023 ஓகஸ்டில் சீன எண்ணெய்க் கம்பனியான சைனோபெக்கும் இங்கே சில்லறை விற்பனைக்கு வந்து சேர்ந்தது. நெருக்கடி வருடத்து இலாபம் வருடாவருடம் வரும் என்று எண்ணி விலை கொடுப்பவர் ஏமாறுவார். இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்து, சிறுபோகமும் முழுதாக விளைந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்து வயல் குத்தகை பேச எந்தக் கமக்காரரும் சம்மதிக்கமாட்டார்.

எரிசக்திப் பங்குகளில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழாகவே பேசும். மசகு எண்ணெய் உச்ச விலையில் நிற்கும்போது இலாபம் பெருத்து, விகிதம் 6, 8 என்று ஆசை காட்டும். எண்ணெய் விழுந்த வருடத்தில் இலாபம் கரைந்து விகிதம் 40, 50 ஆகிப் பயமுறுத்தும். நட்ட வருடமென்றால் விகிதமே வராது.

இதற்கு மாற்று பழையது. பங்கு மதிப்பீடு பற்றி நூல் எழுதிய பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டொட்டும் 1934 இலேயே ஒரு வருட இலாபத்தை நம்பாதீர்கள், குறைந்தது ஐந்து, முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரியை எடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். 1988 இல் பொருளியலாளர்கள் ஜோன் காம்பெல், ரொபேர்ட் ஷில்லர் இருவரும் அதோடு பணவீக்கத் திருத்தத்தையும் சேர்த்து முழுச் சந்தைக்கும் கணக்கிட்டார்கள். 2013 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அந்த ஷில்லர். முறை இதுதான்: கடந்த பத்து வருடங்களின் பங்கொன்றுக்கான இலாபம் ஒவ்வொன்றையும் இன்றைய பணத்துக்கு மாற்றுங்கள், சராசரி எடுங்கள், இன்றைய பங்கு விலையை அந்தச் சராசரியால் வகுங்கள்.

நீங்கள் கேட்ட கம்பனிக்கும் இதையே செய்யுங்கள். 2022/23 என்ற ஒரே வருடம் பத்து வருடக் கூட்டுத்தொகையில் எவ்வளவு பகுதியைப் பிடிக்கிறது என்று பார்த்தாலே அன்றைய ‘மலிவு’ எப்படிப்பட்டது என்று விளங்கும்.

வாசகி, புதுக்குடியிருப்பு

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா எக்ஸொன்மொபில் பங்கு வாங்கி வைத்திருக்கிறார். என்னையும் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவள். படிப்படியாகச் செய்து காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. எக்செலில் நான்கு நிரல்கள் போதும். முதலாவதில் வருடம். இரண்டாவதில் பங்கொன்றுக்கான இலாபம். ஆண்டறிக்கையில் ஐதாக்கப்பட்ட எண் (இனி வெளியிடப்படக்கூடிய பங்குகளையும் சேர்த்து வகுத்தது) தனியாக இருக்கும், அதை எடுங்கள். மூன்றாவதில் அந்த வருடத்துச் சராசரி நுகர்வோர் விலைச் சுட்டெண், அதாவது பொருட்களின் பொதுவான விலைமட்டத்தைக் காட்டும் எண். நான்காவதில், இரண்டாவதை மூன்றாவதால் வகுத்துக் கடைசி வருடச் சுட்டெண்ணால் பெருக்கியது.

எக்ஸொன் அமெரிக்க எண்ணெய்க் கம்பனி, டொலரில் கணக்கு எழுதுகிறது. ஆகவே அமெரிக்கச் சுட்டெண்தான் பொருந்தும். 2015 இல் அது 237.0, 2024 இல் 313.7. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.32. 2015 இன் 3.85 டொலர் 2024 டொலரில் 5.10 ஆகிறது. இப்படியே பத்து வருடமும், முதலில் அறிக்கையில் உள்ளது, பிறகு 2024 டொலருக்கு மாற்றியது:

2015: 3.85 – 5.10
2016: 1.88 – 2.46
2017: 4.63 – 5.93
2018: 4.88 – 6.10
2019: 3.36 – 4.12
2020: நட்டம் 5.25 – நட்டம் 6.36
2021: 5.39 – 6.24
2022: 13.26 – 14.21
2023: 8.89 – 9.15
2024: 7.84 – 7.84

மாற்றிய எண்களின் கூட்டுத்தொகை 54.8, சராசரி 5.48 டொலர். திருத்தாமல் சராசரி எடுத்திருந்தால் 4.87 தான். 2024 முடிவில் பங்கு விலை 107 டொலர் அளவில் இருந்தது. ஒரு வருட இலாபத்தால் வகுத்தால் விகிதம் 13.6, பத்து வருடச் சராசரியால் வகுத்தால் 19.5. அண்ணா எந்த விலைக்கு வாங்கினாரோ அதை 5.48 ஆல் வகுத்துப் பாருங்கள். இன்றைய விலையை வைத்துச் செய்வதாயின் சுட்டெண்ணையும் இன்றைய மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். விலை இந்த மாதத்தது, சராசரி போன வருடப் பணத்தில் என்று கலந்துவிட்டால் விகிதம் சற்றுக் கூடித் தெரியும்.

இதே கணக்கை முந்திய இரண்டு கட்டங்களுக்குச் செய்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2016 முடிவில் விலை 90 டொலர், அவ்வருட இலாபம் 1.88. சாதாரண விகிதம் 48. பத்து வருடச் சராசரி 2016 டொலரில் 6.96, ஆகவே நீண்டகால விகிதம் 13. 2022 முடிவில் விலை 110 டொலர், அவ்வருட இலாபம் 13.26. சாதாரண விகிதம் 8.3. பத்து வருடச் சராசரி 5.39, நீண்டகால விகிதம் 20. இரண்டு அளவுகோல்களும் இரண்டு தடவையும் எதிரெதிராகச் சொல்லியிருக்கின்றன.

இனி இந்த முறைக்கு எதிரான சாட்சியையும் கேளுங்கள். 2016 இல் ‘13 தானே, மலிவு’ என்று வாங்கியவர் 2020 மார்ச்சில் அந்தப் பங்கு 30 டொலர் அளவுக்கு விழுந்ததைப் பார்த்தார். 1928 முதல் அமெரிக்காவின் பெரிய கம்பனிகளைக் கொண்ட டோவ் ஜோன்ஸ் பங்குச் சுட்டெண்ணில் இருந்த கம்பனியை அதே வருடம் ஓகஸ்டில் வெளியே தள்ளினார்கள். காரணம் எளிது. 2016 இல் எடுத்த பத்து வருடத்துக்குள், மசகு எண்ணெய் பீப்பாய் 100 டொலரைத் தாண்டி நின்ற 2011 முதல் 2014 நடுப்பகுதி வரையான காலம் முழுவதும் அடங்கியிருந்தது. அடுத்து வந்த வருடங்கள் அப்படி இருக்கவில்லை. பொறுத்து வைத்திருந்தவருக்கு 2024 முடிவில் 107 டொலர் விலையும், எட்டு வருடப் பங்கிலாபமாக ஏறக்குறைய 28 டொலரும், ஆக 135 டொலர். 2016 இன் 90 டொலர் பணவீக்கத்தால் மட்டும் 118 ஆகியிருக்கும். எட்டு வருடத்துக்கு மெய்யான ஆதாயம் அவ்வளவுதான். நட்டமில்லை, ஆனால் ‘13’ என்ற எண் தந்த நம்பிக்கைக்கு இது குறைவு.

ஒன்றை மட்டும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள்: 2024 மேயில் பயனியர் என்ற கம்பனியை வாங்க எக்ஸொன் 50 கோடிக்கும் அதிகமான புதிய பங்குகளை வெளியிட்டது. பழைய வருட இலாபங்களில் பயனியரின் உழைப்பு இல்லை. அந்தளவுக்குப் பழைய சராசரி இன்றைய கம்பனியை முழுதாகக் காட்டாது. நீங்கள் இங்கிருந்து வாங்க யோசிப்பதாயின், இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் பங்கில் காசு போட அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் வங்கியில் கேளுங்கள்.

கணக்கியல் மாணவர், வவுனியா

கேள்வி: 2020 நோய்த்தொற்றுக் காலத்து நட்டம் வழமைக்கு மாறானது. அதைச் சராசரியிலிருந்து எடுத்துவிடலாமா? சொத்தின் ஏட்டுப் பெறுமதியை வெட்டி எழுதிய தொகையை நட்டமாகக் கருதத்தான் வேண்டுமா? அது காசாக வெளியே போகவில்லையே.

பதில்: மேலே உள்ள எக்ஸொன் எண்களிலேயே செய்து பாருங்கள். 2020 ஐ மட்டும் நீக்கினால் ஒன்பது வருடச் சராசரி 6.79 ஆக ஏறி, விகிதம் 19.5 இலிருந்து 15.8 ஆக இறங்கும். பங்கு திடீரென்று மலிந்துபோகும்! 2020 வழமைக்கு மாறானது என்றால், உக்ரேன் போர் தொடங்கி எண்ணெய் விலை பறந்த 2022 மட்டும் வழமையா? இரண்டையும் நீக்கினால் சராசரி 5.87, விகிதம் 18.2. பத்து வருடத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி இடையம் (நடுவில் நிற்கும் எண்) எடுத்தால் 6.01, விகிதம் 17.8. நட்டத்தை மட்டும் தூக்கி எறிவது தராசின் ஒரு தட்டில் விரலை வைப்பது. ஓரங்கள் உறுத்தினால் இடையத்தைப் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள், அது நேர்மையானது.

வெட்டி எழுதிய தொகை பற்றி: எக்ஸொன் 2020 இல் வெட்டி எழுதியது ஏறக்குறைய 20 பில்லியன் டொலர், பெரும்பகுதி இயற்கை எரிவாயுச் சொத்துகள். 2020 இல் காசு வெளியேறவில்லை என்பது சரி. ஆனால் அந்தக் காசு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. 2010 இல் எக்ஸ்ரிஓ என்ற எரிவாயுக் கம்பனியைக் கடனோடு சேர்த்து 41 பில்லியன் டொலர் அளவுக்கு வாங்கியபோது போனது அது. வாங்கிய வருடத்துச் செலவுக் கணக்கில் வராமல் சொத்தாக ஏட்டில் உட்கார்ந்திருந்தது, பத்து வருடம் கழித்து நட்டமாக இறங்கியது. அந்த வருடத்திலும் எழுதாமல் விட்டால் எந்த வருடத்தில் எழுதுவது? எண்ணெய் விலை விழும்போதெல்லாம் இந்தத் தொழிலில் இது நடக்கும். தொழிலின் இயல்பான செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள். நியாயத்துக்கு மறுபக்கத்தையும் பாருங்கள்: 2017 இலாபத்தில் அமெரிக்க வரிச் சட்டத் திருத்தத்தால் வந்த ஏறக்குறைய 6 பில்லியன் டொலர் ஒருதடவை ஆதாயம் இருக்கிறது. அதையும் நாம் நீக்கவில்லை.

இன்னொன்று பரீட்சைத்தாளில் வராது, ஆனால் கவனியுங்கள். பத்து வருடச் சாளரம் ஒவ்வொரு வருடமும் ஒன்றைச் சேர்த்து ஒன்றை வெளியே விடுகிறது. 2030 கணக்கு முடிந்ததும் 2020 இன் நட்டம் சாளரத்தை விட்டு வெளியேறும். கம்பனி ஒரு சதமும் கூட உழைக்காமலே சராசரி ஒரு துள்ளுத் துள்ளும். உள்ளே வருவதைப்போல வெளியே போவதையும் பார்த்துவிட்டுத்தான் ‘மலிந்துவிட்டது’ என்று சொல்லவேண்டும்.

சங்கக் கடை முகாமையாளர், ஒட்டுசுட்டான்

கேள்வி: இலங்கைக் கம்பனிக்கு எந்தச் சுட்டெண்ணைப் பாவிப்பது? 2022 இல் விலைகள் எகிறியதால் கணக்குக் குழம்பாதா?

பதில்: தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இரண்டு வெளியிடுகிறது: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண். எதை எடுத்தாலும் பத்து வருடத்துக்கும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் கொழும்புச் சுட்டெண் போதும்.

பொறி இருப்பது அடிப்படை வருடத்தில். 2022 வரை 2013 ஐ 100 ஆக வைத்த தொடர். 2023 ஜனவரியிலிருந்து 2021 ஐ 100 ஆக வைத்த தொடர். இரண்டையும் ஒரே நிரலில் அப்படியே ஒட்டினால் 2023 இல் நாட்டில் விலைகள் இறங்கியதுபோலத் தோன்றும். இறங்கியதா இல்லையா என்று உங்கள் கடைக் கணக்குப் புத்தகமே சொல்லும். பழைய தொடரின் 2021 சராசரியை 100 ஆல் வகுத்து, வரும் எண்ணால் புதிய தொடரின் ஒவ்வொரு எண்ணையும் பெருக்குங்கள், தொடர் இணைந்துவிடும். இது தலையிடி என்றால் மத்திய வங்கி அறிக்கையிலுள்ள வருடச் சராசரிப் பணவீக்க வீதங்களைச் சங்கிலியாகப் பெருக்குங்கள். 2022 இல் 46.4, 2023 இல் 17.4, 2024 இல் 1.2 சதவீதம். 1.464, 1.174, 1.012 மூன்றையும் பெருக்கினால் 1.74. அதாவது 2021 இல் பங்கொன்றுக்கு 10 ரூபா உழைத்த கம்பனி 2024 இல் 17 ரூபா 40 சதம் உழைத்தால்தான் நின்ற இடத்தில் நிற்கிறது. 2015 இலிருந்து எடுத்தால் பெருக்கி 2.3 ஐத் தாண்டும். அமெரிக்காவில் அதே காலத்துக்கு 1.32 என்று மேலே பார்த்தோம். திருத்தாத சராசரி அங்கே கொஞ்சம்தான் பிசகும். இங்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

எங்கள் எரிபொருள் கம்பனிகள் டொலரில் வாங்கி ரூபாவில் விற்பவை. ஆகவே இன்னொரு வழியாலும் சரிபாருங்கள்: ஒவ்வொரு வருட இலாபத்தையும் அவ்வருடச் சராசரி நாணயமாற்று வீதத்தால் டொலராக்கி, அமெரிக்கச் சுட்டெண்ணால் திருத்துங்கள். 2015 இல் டொலர் சராசரியாக 136 ரூபா அளவில், 2024 இல் 300 ரூபா அளவில். அந்த வழியில் 2015 இன் ஒரு ரூபா 2024 இன் ஏறக்குறைய 2.9 ரூபாவுக்குச் சமம். விலைச் சுட்டெண் வழியில் 2.3. இரண்டு விடையும் ஒரே முடிவைச் சொன்னால் நம்பலாம். ஒன்று ‘மலிவு’, மற்றது ‘விலை கூட’ என்றால், அந்தப் பங்கைப் பற்றி இந்த முறையால் ஒன்றும் சொல்ல முடியாது என்று விட்டுவிடுங்கள்.

நிதியாண்டையும் மறக்கவேண்டாம். இங்கே பல கம்பனிகளுக்கு ஏப்ரில் முதல் மார்ச் வரைதான் வருடம். அந்தப் பன்னிரண்டு மாதச் சுட்டெண்களின் சராசரியை எடுங்கள். சாதாரண காலத்தில் இது சின்ன வித்தியாசம். மாதத்துக்கு மாதம் விலை எகிறிய 2022 இல் பெரிய வித்தியாசம்.

வாசகர், மன்னார்

கேள்வி: எங்கள் தீவில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலைக் கம்பனிகளின் பங்கை இந்த முறையால் மதிப்பிடலாமா?

பதில்: உங்கள் தென்கரையில் நிற்கும் தம்பபவனி, 30 காற்றாடிகள், 103.5 மெகாவோற், மின்சார சபை கட்டியது. அது பங்குச் சந்தையில் இல்லை. ஆனால் காற்று, சூரிய சக்தி, சிறு நீர்மின் உற்பத்தி செய்யும் தனியார் கம்பனிகள் சில கொழும்பில் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. ஏன் என்பது முக்கியம்.

பத்து வருட முறையின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பொருட்களின் விலை ஏறினால் கம்பனியின் விற்பனை விலையும் காலப்போக்கில் ஏறும், ஆகவே பழைய இலாபத்தை இன்றைய பணத்துக்குப் பெருக்குவது நியாயம். எண்ணெய்க்கு அது ஓரளவு உண்மை. இந்த மின் உற்பத்தியாளர்களோ நீண்டகால ஒப்பந்தத்தில், அலகுக்கு இவ்வளவு ரூபா என்று முன்பே எழுதிக்கொண்டு விற்கிறார்கள். சில ஒப்பந்தங்களில் பராமரிப்புச் செலவுக்கான பகுதி மட்டும் பணவீக்கத்தோடு ஏறும், மற்றது அசையாது.

கற்பனைக் கம்பனி ஒன்றை எடுங்கள். 2015 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் பங்கொன்றுக்குச் சரியாக 4 ரூபா இலாபம். இலங்கைப் பணவீக்கத்தால் திருத்தினால் 2015 இன் 4 ரூபா 9 ரூபா 30 சதம் ஆகும். பத்து வருடச் சராசரி 6 ரூபா 95 சதம். பங்கு 40 ரூபா என்றால் நீண்டகால விகிதம் 5.8, கொள்ளை மலிவு! ஆனால் அந்தக் கம்பனி 6 ரூபா 95 சதத்தை இனி ஒருநாளும் உழைக்கப்போவதில்லை. ஒப்பந்தம் முடியும்வரை 4 ரூபாதான், அந்த 4 ரூபாவின் பெறுமதியும் வருடாவருடம் தேயும். உண்மையான விகிதம் 10, அதுவும் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்பதைப் பொறுத்தது.

இப்படியான பங்குக்கு எதிர்காலத்தைத்தான் எண்ணவேண்டும். ஒவ்வொரு ஆலைக்கும் ஒப்பந்தம் முடியும் வருடம், அலகு விலை, வருடச் சராசரி உற்பத்தி, கடன் தவணை ஆகியவற்றை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்து, மிச்ச வருடங்களில் வரும் காசைக் கூட்டி, இன்றைய பெறுமதிக்குக் கழித்துப் பாருங்கள். வரவேண்டிய காசு எவ்வளவு நிலுவையில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். நெருக்கடிக் காலத்தில், மின்சாரத்தை வாங்கிய மின்சார சபையின் கொடுப்பனவுகள் மாதக்கணக்கில் பிந்தின. ஏட்டில் இலாபம் இருந்தது, வங்கியில் காசு இருக்கவில்லை.

வாசகர், மாந்தை மேற்கு

கேள்வி: மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கிறதே, அந்தப் பங்கு?

பதில்: 2011 இல் கெயார்ன் கம்பனி டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது, 2015 இல் விட்டுப் போய்விட்டது. உற்பத்தி நடக்கவில்லை. உழைக்காத கிணற்றுக்குப் பத்து வருடச் சராசரி ஏது? அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பங்கு விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

வாசகி, முல்லைத்தீவு

கேள்வி: எல்லாம் சரி, எந்த எண்ணுக்குக் கீழே என்றால் வாங்கலாம்? அமெரிக்கச் சந்தையின் நீண்டகாலச் சராசரி 17 என்று படித்தேன்.

பதில்: அந்த 17 நூற்றுக்கணக்கான கம்பனிகள் சேர்ந்த சந்தை முழுவதற்கும், நூறு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கும் உரியது. தனி ஓர் எண்ணெய்க் கம்பனிக்கு அதை எல்லைக்கோடாக வைக்காதீர்கள். கம்பனியை அதன் சொந்தப் பழைய விகிதங்களோடும், அதே தொழிலிலுள்ள வேறு கம்பனிகளோடும் ஒப்பிடுங்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: எண்ணெய் எடுக்கும் கம்பனி 12, 13 க்கு வரும்போதுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1 ஐ 12.5 ஆல் வகுத்தால் 8 சதவீதம், அதாவது போடும் 100 ரூபாவுக்குக் கம்பனி வருடம் உழைப்பது 8 ரூபா. எண்ணெய்ப் பங்கின் ஆட்டத்தைத் தாங்குவதற்கு அவ்வளவாவது வேண்டும். எக்ஸொனின் 19.5 ஐத் திருப்பினால் 5.1 சதவீதம்தான். இந்த வீதம் பணவீக்கம் கழித்தது என்பதைக் கவனியுங்கள். நிலையான வைப்புக்கு வங்கி 8 சதவீதம் தந்தால், பங்கு 5 தானே என்று ஒப்பிடக்கூடாது. 8 இலிருந்து பணவீக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் பக்கத்தில் வைக்கவேண்டும்.

எண் பிடித்திருந்தாலும் மூன்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதலாவது கடன். விகிதத்தில் கடன் தெரியாது. எக்ஸொனின் மொத்தக் கடன் 2019 முடிவில் 47 பில்லியன் டொலர் அளவில் இருந்து ஒரே வருடத்தில் 68 பில்லியனுக்கு ஏறியது. பங்கிலாபத்தைக் குறைக்காமல் அந்த வருடத்தைக் கடந்தது அந்தக் கடனால்தான். சிறிய கம்பனிக்கு அப்படிக் கடன் கிடைக்காது. அடிவிலையில் புதுப் பங்கு வெளியிட்டுப் பழைய பங்காளரை ஐதாக்கிவிடும். சராசரி மீள்வதற்குக் கம்பனி முதலில் உயிரோடு இருக்கவேண்டும்.

இரண்டாவது காசு. பத்து வருடத்தின் செயற்பாட்டுக் காசுப் பாய்ச்சலை (தொழிலிலிருந்து உண்மையாகக் கைக்கு வந்த காசை) கூட்டி, மூலதனச் செலவைக் கழியுங்கள். மிச்சத்தைப் பத்து வருட மொத்த இலாபத்தோடு ஒப்பிடுங்கள். பெறுமானத் தேய்வு (சொத்து தேய்வதற்காக வருடாவருடம் எழுதும் செலவு) பழைய கொள்விலையில் எழுதப்படுகிறது, புதுக் கிணறு இன்றைய விலையில் தோண்டப்படுகிறது. அதனால் பணவீக்கக் காலத்தில் ஏட்டு இலாபம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். காசு மிச்சம் இலாபத்தில் பாதிகூட இல்லையென்றால், உங்கள் சராசரியையும் அந்தளவுக்குக் குறைத்து மறுபடி வகுங்கள்.

மூன்றாவது கையிருப்பு. நிலத்துக்கடியில் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் எத்தனை வருட உற்பத்திக்குப் போதும் என்பதை வருடத்துக்கு வருடம் பாருங்கள். எடுப்பதைவிடக் குறைவாகவே கண்டுபிடிக்கும் கம்பனியின் பழைய இலாபம் திரும்பி வராது.

நகையை அடகு வைத்து வாங்குவது எந்த எண்ணுக்கும் வேண்டாம். இந்த விகிதம் அடுத்த ஆறு மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அடகு வட்டியோ மாதாமாதம் ஏறும்.

வாசகர், மாங்குளம்

கேள்வி: பத்து வருட எண்களை எங்கே எடுப்பது? சில கம்பனிகள் சந்தைக்கு வந்தே நாலைந்து வருடம்தானே?

பதில்: கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிப் பெயரின் கீழ் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடக்கின்றன. பல அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் பத்து வருடப் பொழிப்பு என்று ஒரு அட்டவணை இருக்கும். வேலை பாதி முடிந்தது என்று நினைக்கவேண்டாம். இடையில் பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் பழைய வருட எண்களைத் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பங்கை நான்காகப் பிரித்திருந்தால், அதற்கு முந்திய ஒவ்வொரு வருட இலாபத்தையும் 4 ஆல் வகுக்கவேண்டும். திருத்தாவிட்டால் பழைய வருடங்கள் நான்கு மடங்கு கொழுத்து நிற்கும், பங்கும் மலிவாகத் தெரியும். சோதிக்க எளிய வழி: மொத்த இலாபத்தை இன்றைய பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, அட்டவணை எண்ணோடு ஒத்துப் பாருங்கள். உரிமைப் பங்கு வழங்கலாலும் (பழைய பங்காளருக்குப் புதுப் பங்கு விற்பது) மீள்கொள்வனவாலும் (கம்பனி தன் பங்கையே திரும்ப வாங்குவது) கொஞ்சம் விலகும்; மடங்குக் கணக்கில் விலகினால் அங்கே பிரிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. குழுமமாக இயங்கும் கம்பனிக்குக் ‘கம்பனி’ என்ற நிரலை விட்டுக் ‘குழுமம்’ என்ற நிரலையே எடுங்கள். பத்து வருடமும் ஒரே நிரலாக இருக்கவேண்டும்.

புதிதாக வந்த கம்பனிக்கு, பங்கு வெளியீட்டு விளக்கவுரையில் முந்திய சில வருடக் கணக்குகள் இருக்கும். அவற்றைச் சேர்த்து ஏழு வருடம் தேறினால் கணக்கிடலாம், எண்ணெய் விலை ஒரு தடவையாவது ஏறி ஒரு தடவையாவது இறங்கியிருந்தால். ஏழுக்குக் குறைவென்றால் இந்த முறையை அந்தப் பங்கில் பாவிக்கவேண்டாம். வாங்குவதானால் விற்கும்போதும் வாங்கும்போதும் தனித்தனியாக 1.12 சதவீதம் தரகும் கட்டணங்களும் போகும் என்பதை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; 10 கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் வீதம்.